மூன்றாம் சாட்சியும் நாலுக்கு ஐந்து தாளும்

ஜூன் 9, திங்கள்

இன்று முற்பகல் 11.20 மணிக்கு என் மகள் வடிவாம்பிகை, பாளையங்கோட்டையில் உள்ள சார்பதிவாளர் அலுவலகத்தில், சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ் தன் திருமண அறிவிப்பைக் கொடுத்தாள். மணமகனாகக் குறிப்பிடப்பட்டிருப்பவர் உவரியைச் சேர்ந்த மிக்கேல்ராயன், வயது 31, வண்ணார்பேட்டையில் ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுப்பவர். இனி இந்த நாட்குறிப்பில் அவர் 'இரண்டாம் தரப்பினர்' எனப்படுவார். அறிவிப்பு, அலுவலக வராந்தாவில் உள்ள பலகையில் முப்பது நாட்கள் ஒட்டப்பட்டிருக்கும். அதற்குள் சட்டப்படியான ஆட்சேபணை எதுவும் வராவிட்டால் ஜூலை 10 அன்று திருமணம் பதிவாகும்.

பதிவுக்கு மூன்று சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். முதலாமவர் இரண்டாம் தரப்பினரின் அக்காள் கணவர். இரண்டாமவர் என் மனைவி ஆவுடையம்மாள். மூன்றாவது வரியை வடிவு காலியாக விட்டுவிட்டு வந்திருக்கிறாள். சாப்பாட்டின்போது சொன்னாள்.

"அப்பா, அந்த மூணாவது இடம் உங்களுக்குத்தான். போடுதேன்னா போடுங்க. மாட்டேன்னா மாட்டேன்னு சொல்லிருங்க. ஆனா பத்தாம் தேதிக்கு முன்னால சொல்லிருங்க."

"பரிசீலிக்கிறேன்" என்றேன்.

ஆவுடை மோரை ஊற்றியபடி மகளிடம் சொன்னாள்: "முப்பது நாளு உங்கப்பாவுக்கு எந்த மூலைக்கு? அஞ்சு செண்டு நெலத்துக்கே ரெண்டு மாசம் பாக்குத ஆளு."

இக்கூற்று மிகையானது. வங்கிக் கடன்களுக்காகச் சொத்துப் பத்திரங்களைச் சரிபார்த்துச் சட்டக் கருத்துரை எழுதுவது என் தொழில். முப்பத்தொரு ஆண்டுகளாகச் செய்கிறேன். ஒரு கருத்துரைக்கு ஆகும் சராசரிக் காலம் நாற்பத்தொரு நாட்கள். அவற்றில் ஒன்றுகூட இதுவரை பிழையென நிரூபிக்கப்பட்டதில்லை.

முப்பது நாட்கள் கையில் இருப்பதால், இரண்டு ஆண்டுகளாக நிலுவையில் உள்ள வேறொரு விஷயத்தை முடித்துவிடுவதெனத் தீர்மானித்தேன். விவரம் நாளை.

ஜூன் 10, செவ்வாய்

நிலுவை விஷயம் வருமாறு.

வடிவு கட்டடக் கலை படித்தவள். என் ஐம்பத்தாறாவது பிறந்தநாளுக்கு அவளே அறுத்து, இழைத்து, ஒட்டி ஒரு ஊசித்துளை கேமரா செய்து கொடுத்தாள். ஒளி புகாத மரப்பெட்டி. லென்ஸ் கிடையாது. முன்புறம் ஒரு பித்தளைத் தகட்டில் ஊசிமுனை அளவு துளை. அதை மூடித் திறக்க விரலளவில் ஒரு மரக்கதவு. கண் வைத்துப் பார்க்க இடமும் கிடையாது. கதவைத் திறந்து, எண்ணி, மூட வேண்டியதுதான்.

பெட்டியின் பின்புறத்தில் மாட்டுவதற்கு மூன்று வகை மரச்சட்டங்களைச் செய்திருந்தாள். ஒன்று, சாதாரண முப்பத்தைந்து மில்லிமீட்டர் ஃபிலிம் சுருளுக்கு. இரண்டு, அதைவிட அகலமான நூற்றிருபதாம் எண் சுருளுக்கு. மூன்று, நாலுக்கு ஐந்து அங்குலத் தனித் தாளுக்கு. "எது வேணுமோ நீங்களே முடிவு பண்ணிக்கிடுங்கப்பா" என்றாள். பரிசீலிப்பதாகச் சொன்னேன்.

இன்று அந்தப் பெட்டியைத் தேடி எடுத்தேன். ஆவுடை அதில் ரப்பர் பேண்டுகளும் பழைய சாவிகளும் போட்டு வைத்திருந்தாள்.

ஜூன் 12, வியாழன்

முப்பத்தைந்து மில்லிமீட்டர் சுருளின் தரப்பு வாதங்கள் கேட்கப்பட்டன.

ஆதரவாக: ஒரு சுருளில் முப்பத்தாறு படங்கள். அதாவது முதல் முடிவு தவறானாலும் முப்பத்தைந்து மேல்முறையீடுகள் உண்டு. எதிராக: படச்சதுரம் தபால் தலையை விடச் சற்றே பெரிது. ஊசித்துளையின் வழியே வரும் உருவம் இயல்பாகவே மென்மையானது. அதைச் சிறு சதுரத்தில் பிடித்துப் பெரிதாக்கினால் முகங்கள் கரைந்துவிடும். அது என் மகளா வேறொருவர் மகளா என்று உறுதியாகச் சொல்ல முடியாத ஒரு படத்தைச் சாட்சியமாக ஏற்க இயலாது.

யாருடைய படத்தை எடுக்கப்போகிறேன் என்று இதுவரை முடிவு செய்யவில்லை. மேற்படி வாக்கியம் உதாரணத்துக்காக எழுதப்பட்டது.

ஜூன் 15, ஞாயிறு

இரண்டாம் தரப்பினர் வீட்டுக்கு வந்தார். அழைத்தது ஆவுடை. நாற்காலியின் நுனியில் அமர்ந்திருந்தார். மேசைமேல் இருந்த மரப்பெட்டியைப் பார்த்ததும் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"தொடலாமா சார்?"

தொடுவதற்குத் தடையில்லை என்றேன்.

திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பெரிய தாளுதான் சார் நல்லது. நெஞ்சு எக்ஸ்ரேய ஸ்டாம்பு சைசுல எடுத்தா டாக்டர் எங்கள ஏசிருவாரு. ஆனா ஆள அசையாம நிக்க வைக்கணும். மூச்ச புடிங்க, விடாதீங்க, இப்ப விடுங்கன்னு நாள் பூரா சொல்லுததுதான் என் பொழப்பே."

"இவ நிப்பாளா?" என்று ஆவுடை மகளைக் காட்டிக் கேட்டாள்.

"நிக்க மாட்டா அத்தை. ஆனா நிக்கச் சொன்னா சண்ட போட்டுக்கிட்டே நிப்பா."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரித்தேனா என்பது நினைவில் இல்லை. தாள் குறித்த அவருடைய கருத்து, விளைவில் நலன் உள்ள ஒருவரின் கருத்து. அதற்குக் குறைந்த மதிப்பே அளிக்க முடியும். 'அத்தை' என்ற சொல் இன்னும் அறிவிப்புக் காலத்தில் இருக்கும்போது பயன்படுத்தப்பட்டது என்பதையும் குறித்துக்கொள்கிறேன்.

ஜூன் 18, புதன்

நூற்றிருபதாம் எண் சுருள். பன்னிரண்டு படங்கள். நடுநிலையானது. நடுநிலையானவை பற்றி எனக்கு எப்போதும் நல்லெண்ணம் உண்டு. எனினும் முடிவு ஒத்திவைக்கப்பட்டது.

என் குமாஸ்தா பேச்சிமுத்துவை உவரிக்கு அனுப்பியிருந்தேன். சொத்து என்றால் முப்பது ஆண்டு வில்லங்கம் தேடாமல் நான் கருத்துச் சொல்வதில்லை. மனிதருக்கும் அதே அளவுகோல் பொருந்தும் என்பது என் எண்ணம். மாலையில் திரும்பி வந்தார்.

"வில்லங்கம் ஒண்ணும் இல்லய்யா. சொந்த வீடு. அப்பா இல்ல. அம்மா மட்டுந்தான். சீலா மீன் கொழம்பு வச்சிருந்தாவ."

"நீங்கள் சாப்பிட்டீர்களா?"

"தேடப் போன எடத்துல வேண்டாம்னு சொன்னா சந்தேகப்படுவாவல்லய்யா."

தேடுதல் அறிக்கை எழுத்தில் வேண்டுமென்றேன். 'வில்லங்கம் இல்லை. குழம்பு நன்று' என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். இரண்டாவது வாக்கியத்தை நீக்கச் சொல்லியிருக்கலாம். கோப்பில் அப்படியே வைத்தேன்.

பேச்சிமுத்து என்னிடம் இருபத்திரண்டு ஆண்டுகளாக இருக்கிறார். முன்பொரு முறை, வங்கியிலிருந்து வந்த உறையில் ஒரு பக்கம் குறைந்திருந்ததைப் பத்து நாள் கழித்தே கண்டுபிடித்ததால், நான் தொலைத்ததாகப் பெயரானது. அன்று ஒரு விதி செய்தேன்: அலுவலகத்துக்கு எந்த உறை வந்தாலும் உடனே பிரித்து, தாள்களை எண்ணி, ஒவ்வொரு தாளிலும் 'பெறப்பட்டது' என்ற முத்திரையைத் தேதியுடன் குத்திய பிறகே என் மேசைக்கு வர வேண்டும். இந்த விதியை அவர் ஒரு நாளும் மீறியதில்லை. அவரிடம் நான் மிகவும் மதிக்கும் குணம் இது.

ஜூன் 20, வெள்ளி

தீர்ப்பு. நாலுக்கு ஐந்து அங்குலத் தனித் தாள்.

காரணங்கள்: தாள் பெரிதாக இருக்கும் அளவுக்கு உருவம் தெளிவடைகிறது. ஒரு நேரத்தில் ஒரே ஒரு தாள்தான் போட முடியும் என்பது முதலில் குறையாகத் தோன்றியது. பின்னர் யோசித்ததில், பதிவேட்டில் கையெழுத்தும் ஒரு முறைதான் இடப்படுகிறது என்பது நினைவுக்கு வந்தது. இந்தக் காரணம் விஷயத்துக்கு எந்த வகையில் பொருந்துகிறது என்று தெரியவில்லை. எனினும் அடிக்காமல் விடுகிறேன்.

சென்னையில் உள்ள ஒரு கடையிலிருந்து இருபத்தைந்து தாள் கொண்ட ஒரு பெட்டிக்கு ஆர்டர் கொடுத்தேன். பகலில் வீட்டில் யாரும் இருப்பதில்லை என்பதால் அலுவலக முகவரி கொடுத்தேன்.

வடிவிடம் தெரிவித்தேன்.

"நல்லதுப்பா. இன்னொரு முடிவும் சொல்லணும்லா?"

"அது தனி விஷயம்."

ஜூன் 22, ஞாயிறு

சும்மா இருந்த நேரத்தில் ஒரு வரைவுப் பயிற்சி செய்தேன். சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ் ஓர் ஆட்சேபணை மனு எவ்வாறு அமைய வேண்டும் என்று. இளம் வழக்கறிஞர்களுக்கு மாதிரியாகப் பயன்படலாம். பெயர்கள், வயது, முகவரி அனைத்தும் இட்டு நிரப்பினேன். வெற்று மாதிரிகள் படிப்பதற்குச் சுவையாக இருப்பதில்லை. 'ஆட்சேபணைக்கான காரணம்' என்ற இடம் மட்டும் காலியாக உள்ளது. சட்டம் அனுமதிக்கும் காரணங்களை மூன்று முறை படித்தேன். எதுவும் பொருந்தவில்லை.

மூன்று பிரதிகள் எடுத்து மேசை இழுப்பறையில் வைத்தேன். கையெழுத்திடவில்லை.

ஜூன் 25, புதன்

வில்லங்கச் சான்று ஒன்றுக்காகச் சார்பதிவாளர் அலுவலகம் சென்றேன். வராந்தாப் பலகை கிழக்கு நோக்கி இருக்கிறது. காலை வெளிச்சம் படக்கூடியது. அறிவிப்பின் மேல்மூலை ஒன்று பிய்ந்து காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. என் பையில் தற்செயலாகப் பசைக்குழாய் இருந்ததால் ஒட்டினேன். பொது ஆவணங்களைப் பாதுகாப்பது அனைவர் கடமை.

உள்ளே இருந்த எழுத்தர் எட்டிப் பார்த்தார்.

"என்ன சார், ரெண்டு வாரத்துல நாலாவது தடவ வந்து படிக்கீய. ஆட்சேபணை எதுவும் குடுக்கணுமா?"

"வில்லங்கச் சான்றுக்கு வந்தேன்."

"அது இப்பல்லாம் ஆன்லைன்லயே எடுக்கலாமே சார்."

எடுக்கலாம்தான். நேரில் பெறுவது எனக்குப் பழக்கம்.

ஜூன் 27, வெள்ளி

ஃபிலிம் வந்தது. மேற்கொண்டு எழுதும் நிலையில் இல்லை.

ஜூன் 28, சனி

நேற்றைய நிகழ்வுகள், கோபம் தணிந்தபின்:

பிற்பகல் நீதிமன்றத்திலிருந்து திரும்பியபோது என் மேசையில் இருபத்தைந்து தாள்கள் விளிம்பு பிசகாமல் அடுக்கப்பட்டிருந்தன. பக்கத்தில் காலிப் பெட்டி. பெட்டிக்குள் இருந்த கருப்பு உறை நேர்த்தியாகக் கத்தரிக்கப்பட்டு மடித்து வைக்கப்பட்டிருந்தது. மின்விளக்கு, சன்னல் வெளிச்சம் இரண்டும் தாராளமாக இருந்தன. ஒவ்வொரு தாளிலும் வலது மேல்மூலையில் ஊதா மையில் 'பெறப்பட்டது, 27 ஜூன்'.

"இருபத்தஞ்சு இருக்குய்யா. கொறையல்ல. மூணு தடவ எண்ணிட்டேன்" என்றார் பேச்சிமுத்து.

இருட்டில் மட்டுமே பிரிக்க வேண்டியதென்று பெட்டியில் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததைச் சுட்டிக்காட்டினேன்.

"பாத்தேன்யா. ஆனா விதியில இருட்டுன்னு இல்லயே. எந்த உறை வந்தாலும்னுதான சொல்லிருக்கீய."

விதியை எடுத்துப் படித்தேன். விலக்கு எதுவும் குறிப்பிடப்படவில்லை. வரைந்தவன் நான். குமாஸ்தா மீது நடவடிக்கைக்கு இடமில்லை.

சென்னையில் மறு இருப்பு வர மூன்று வாரம் ஆகுமென்று தெரிவிக்கிறார்கள். மீதமுள்ளவை பன்னிரண்டு நாட்கள்.

ஜூன் 29, ஞாயிறு

இரண்டாம் தரப்பினர் வந்தார். கையில் கருப்புத் தாளில் சுற்றிய பொட்டலம். நடந்ததை வடிவு சொல்லியிருக்கிறாள் போலும்.

"எங்க சென்டர் டிஜிட்டலுக்கு மாறினப்ப மிஞ்சின எக்ஸ்ரே ஃபிலிம் சார். பெருசா இருக்கும், நாலுக்கு அஞ்சா வெட்டிக்கிடலாம். இதுல ஒரு சௌரியம், சிவப்பு லைட்டுல பிரிச்சா ஒண்ணும் ஆகாது. பழைய இருட்டு ரூம்பு இன்னும் இருக்கு. கழுவுத மருந்தும் கொஞ்சம் இருக்கு."

ஒரு விஷயம் பரிசீலனையில் இருக்கும்போது அதில் சம்பந்தப்பட்ட தரப்பிடமிருந்து எதையும் பெறுவது முறையல்ல என்று விளக்கினேன். அவர் புரிந்துகொண்டதாகத் தலையசைத்து, பொட்டலத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

அடுப்படியிலிருந்து ஆவுடை சொன்னாள்: "பேச்சிமுத்து அங்க போய் மீன்கொழம்பு திங்கலாம், இவுக ஒரு பிலிமு வாங்கக் கூடாதோ?"

முன்னுதாரணம் எடுத்துக்காட்டப்பட்டதால் நிலையை மறுபரிசீலனை செய்தேன். பெறுகைச் சீட்டு ஒன்று தயாரித்தேன்: 'எந்தத் தரப்பின் எதிர்கால நிலைப்பாட்டுக்கும் பாதகமின்றி, எக்ஸ்ரே ஃபிலிம் தாள்கள் இரண்டு பெற்றுக்கொள்ளப்பட்டன.' கையெழுத்திட்டு ஒரு பிரதியை அவரிடம் கொடுத்தேன். படித்துப் பார்த்து, நான்காக மடித்து, பர்ஸில் வைத்துக்கொண்டார். அதில் ஏற்கெனவே வடிவின் புகைப்படம் ஒன்று இருந்தது.

ஜூலை 1, செவ்வாய்

தாளை வெட்டி மரச்சட்டத்தில் ஏற்றுவது எளிதல்ல. சிவப்பு விளக்கின் மங்கலில் விரல்களை மட்டும் நம்ப வேண்டும். முதலில் வேண்டாத காகிதங்களை அதே அளவில் வெட்டிப் பழகுவது நல்லது என்று வடிவு சொன்னாள். காகிதம் கேட்டேன். ஆவுடை எங்கிருந்தோ ஒரு கட்டு கொண்டுவந்து, அவளே அளவு பார்த்து, நாலுக்கு ஐந்தாக வெட்டிக் கொடுத்தாள். குளியலறையில் கண்ணை மூடிக்கொண்டு பத்துப் பன்னிரண்டு முறை ஏற்றி இறக்கினேன். எட்டாவது முறை பிழையின்றி வந்தது.

பிறகு வெளிச்சத்தில் பார்த்தேன். பழகிய துண்டுகள் கடந்த மாதம் 22-ஆம் தேதியிட்ட மாதிரி ஆட்சேபணை மனுவின் மூன்று பிரதிகள். ஒரு துண்டில் 'ஆட்சேபணைக்கான காரணம்' என்ற தலைப்பும் கீழே வெற்றிடமும் இருந்தன.

ஆவுடை துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"வேற காயிதம் வேணுமா? இழுப்பறைல இன்னும் ஏதாவது இருக்கா?"

"இல்லை" என்றேன்.

துண்டுகளை மீண்டும் ஒட்டிச் சேர்ப்பதற்கான நடவடிக்கை எதையும் எடுக்கவில்லை.

ஜூலை 4, வெள்ளி

சார்பதிவாளர் அலுவலக வராந்தாவில் மேகமூட்டமான காலை ஒன்பதரை மணிக்கு வெளிச்சம் எவ்வளவு என்று வடிவின் கைபேசியில் அளந்தோம். கணக்குப்படி ஒரு நிமிடம் பத்து விநாடி திறந்து வைத்தால் போதும். ஆனால் மங்கிய வெளிச்சத்தில் ஃபிலிம் சோம்பல்படும். எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும் என்கிறார் இரண்டாம் தரப்பினர். மூன்று நிமிடம் என்று தீர்மானம். அதுவரை அசையாமல் நிற்பவர்களே படத்தில் இருப்பார்கள். குறுக்கே நடந்து போகிறவர்கள் பதிய மாட்டார்கள். அங்கே இருந்ததற்கே தடயம் இராது.

ஜூலை 8, செவ்வாய்

ஆனித் தேர். உள்ளூர் விடுமுறை. அறிவிப்புக் காலத்தைக் கணக்கிடும்போது விடுமுறை நாட்கள் கழிக்கப்படுவதில்லை. சட்டம் தெளிவாக உள்ளது. மறுபடியும் படித்துப் பார்த்தேன். தெளிவாகவே உள்ளது.

ஜூலை 9, புதன்

இன்றோடு முப்பது நாட்கள் முடிந்தன. ஆட்சேபணை எதுவும் வரவில்லை என்று எழுத்தர் தெரிவித்தார். நான் கேட்கவில்லை, பார்த்ததும் அவராகவே சொன்னார்.

மாலையில் வடிவு என் அறைக்கு வந்து கதவோரம் நின்றாள்.

"என்னப்பா முடிவு?"

நீண்ட யோசனைக்குப் பிறகு எட்டிய நிலையை அவளிடம் தெரிவித்தேன். நாளை நான் வருவேன். புகைப்படக்காரன் என்ற தகுதியில் வருவேன். அந்தத் தகுதியில் வருவது ஒப்புதலாகவும் ஆகாது, மறுப்பாகவும் ஆகாது. மூன்றாவது வரி குறித்து இன்னும் சற்று அவகாசம் தேவை.

அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்துப் பதில்கள் தயாரித்து வைத்திருந்தேன்.

"சரிப்பா. பேச்சிமுத்து அண்ணன ஆதார் ஜெராக்ஸோட வரச் சொல்லிட்டேன். நீங்க படம் மட்டும் எடுங்க, போதும்."

விளக்கை அணைக்கவா என்று கேட்டுவிட்டுப் போனாள். தயாரித்த பதில்கள் பயன்படவில்லை.

ஜூலை 10, வியாழன்

நடந்தவற்றை வரிசையாகப் பதிவு செய்கிறேன்.

காலை 9.10: அலுவலகம் சென்றடைந்தேன். பன்னிரண்டு மணிக்கு நீதிமன்றத்தில் ஒரு வாய்தா இருந்ததால் கருப்புக் கோட்டு அணிந்திருந்தேன். (வாய்தா நாளைக்குத்தான் என்பது பின்னர் தெரிந்தது.) மேகமூட்டம். குற்றாலச் சாரலின் காற்று இங்குவரை வந்தது.

9.25: வராந்தாவில் முக்காலியை நிறுத்தி, பெட்டியை அதன்மேல் பொருத்தினேன். வடிவு மாம்பழ நிறச் சேலை. இரண்டாம் தரப்பினர் வெள்ளைச் சட்டை, வேட்டி. பலகைக்கு முன்னால் நின்றார்கள். ஆவுடையும், இரண்டாம் தரப்பினரின் தாயாரும், அக்காள் கணவரும் ஓரமாக பெஞ்சில் அமர்ந்திருந்தார்கள். பேச்சிமுத்து சலவைச் சட்டையில், ஆதார் நகலைப் பிளாஸ்டிக் உறையில் வைத்து மார்போடு பிடித்திருந்தார்.

9.31: "மூச்சு விடலாம். வேற ஒண்ணும் பண்ணக் கூடாது" என்று இரண்டாம் தரப்பினர் வடிவிடம் சொன்னார்.

"நீ மொதல்ல பேசாம நில்லு" என்றாள் வடிவு.

மரக்கதவைத் திறந்தேன்.

அதன்பின் செய்ய ஒன்றுமில்லை. கேமராவுக்கு யாரும் தேவைப்படவில்லை. ஒரு வழக்கறிஞருக்கு இப்படி மூன்று நிமிடங்கள் வாய்ப்பது அரிது. கண் வைத்துப் பார்க்க இந்தப் பெட்டியில் இடமில்லாததால், எடுப்பவர் எதிரே உள்ளவர்களை நேராகவே பார்க்க நேர்கிறது. பார்த்தேன். வடிவு தனக்கு இடப்புறம் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடைவெளி விட்டு நின்றிருந்தாள். அந்த இடைவெளியில் பலகையும், நான் ஒட்டிய மூலையுடன் அறிவிப்பும் தெரிந்தன.

படத்தின் சமநிலைக்கு இது ஒரு குறை. ஒரு பக்கம் கனமாகவும் மறுபக்கம் காலியாகவும் இருக்கும். முன்கூட்டியே கவனித்திருக்க வேண்டும். கதவைத் திறந்தபின் அவர்களை நகரச் சொல்ல முடியாது. குறையைச் சரிசெய்ய ஒரே ஒரு வழிதான் இருந்தது.

ஐம்பத்தைந்தாவது விநாடியில் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பேச்சிமுத்துவிடம் கொடுத்தேன். "மூன்று நிமிடம் ஆனதும் கதவை மூடுங்கள். முத்திரை குத்த வேண்டாம்" என்றேன்.

பெட்டியின் முன்னால் நடந்து போய் அந்த இடத்தில் நின்றேன்.

வடிவு திரும்பவில்லை. உதடு அசையாமல், "அப்பா, அசையாதீங்க" என்றாள். அவள் குரல் சற்று அசைந்திருந்தது. குரல் ஃபிலிமில் பதிவதில்லை.

கேமராவைப் பார்த்து அவ்வளவு நேரம் நிற்பது எளிதல்ல. மூக்கு அரித்தது. இரண்டாம் தரப்பினர் மெல்லச் சொன்னார்: "சாதாரணமா மூச்சு விடுங்க சார். இன்னும் கொஞ்ச நேரந்தான்." தினமும் அறுபது பேரிடம் சொல்வாராயிருக்கும். ஆனாலும் அந்தக் குரலைக் கேட்டால் நிற்க முடிகிறது.

10.20: உள்ளே அழைத்தார்கள். இருவரும் உறுதிமொழி சொன்னார்கள். முதல் சாட்சி கையெழுத்திட்டார். ஆவுடை கையெழுத்திட்டாள். சார்பதிவாளர் தலை நிமிர்ந்து, "மூணாவது சாட்சி யாரு?" என்று கேட்டார்.

எல்லோரும் பேச்சிமுத்துவைப் பார்த்தார்கள்.

"ஆதார வீட்டுலயே மறந்து வச்சிட்டு வந்துட்டேன்யா" என்றார்.

பிளாஸ்டிக் உறையின் விளிம்பு அவர் சட்டைப் பையிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. இருபத்திரண்டு ஆண்டுகளில் பேச்சிமுத்து ஓர் ஆவணத்தை மறந்து நான் பார்த்ததில்லை. இது குறித்து உரிய விசாரணை தேவைப்படும். தேதி பின்னர் நிர்ணயிக்கப்படும்.

சார்பதிவாளர் பேனாவை மேசையில் தட்டினார். "வெளியில டோக்கன் நிக்கி. யாராவது வாங்க."

முன்னால் சென்றேன். படிக்காமல் எதிலும் நான் கையெழுத்திடுவதில்லை என்பதால் பதிவேட்டின் பக்கத்தை முழுவதுமாகப் படித்தேன். எங்கள் வீட்டுக் கதவிலக்கத்தில் ஒரு 'ஏ' விடுபட்டிருந்தது, திருத்த வைத்தேன். "இன்னும் ஏதாவது இருக்கா சார்?" என்று சார்பதிவாளர் கேட்டார். இல்லை. மூன்றாவது வரியில் கையெழுத்திட்டேன்.

அவர் பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பினார். சற்று நேரம் பார்த்தார். மீண்டும் என் பக்கம் திருப்பினார்.

"சார், இது என்ன?"

கையெழுத்துக்குக் கீழே என் கையாலேயே எழுதப்பட்டிருந்தது: 'அசல் ஆவணங்களைப் பார்வையிடுவதற்கு உட்பட்டு.' எப்போது எழுதினேன் என்று தெரியவில்லை. முப்பத்தொரு ஆண்டுகளாக என் கையெழுத்து அந்த வரி இல்லாமல் எங்கும் போனதில்லை.

"இத அடிச்சுச் சுருக்கொப்பம் போடுங்க. நிபந்தனையோட கல்யாணம் பதிய முடியாது."

வடிவு முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. சிரிக்கிறாள் என்றே எடுத்துக்கொண்டேன். ஆவுடை மறைக்காமலே சிரித்தாள்.

அடித்தேன். சுருக்கொப்பம் இட்டேன். என் தொழில் வாழ்வில் நானே நீக்கிய முதல் நிபந்தனை இது.

ஜூலை 11, வெள்ளி

வாய்தா. ஒத்திவைக்கப்பட்டது. வீட்டில் சத்தம் குறைவாக இருக்கிறது.

ஜூலை 13, ஞாயிறு

மாலை நான்கு மணிக்கு வண்ணார்பேட்டை ஸ்கேன் சென்டருக்கு நானும் ஆவுடையும் சென்றோம். விடுமுறை நாள், நோயாளிகள் இல்லை. பழைய இருட்டறையில் சிவப்பு விளக்கின் கீழ் தாளை மருந்தில் இட்டுத் தட்டை மெல்ல ஆட்டினார்கள், வடிவும் அவரும் மாறி மாறி. வெற்றுத் தாளில் முதலில் சேலைக் கரை வந்தது. பிறகு வேட்டி. நான் வரவில்லை.

"வருவீங்கப்பா. இருங்க" என்றாள் வடிவு.

கழுவி, உலர்த்தி, எக்ஸ்ரே பார்க்கும் ஒளிப்பலகையில் மாட்டினார்கள். வெளுப்பு கருப்பாகவும் கருப்பு வெளுப்பாகவும் தெரியும் நிலையில் நால்வரும் நின்று பார்த்தோம். அவர்கள் இருவரும் அழுத்தமாக, கண்ணிமை வரை தெளிவாக விழுந்திருந்தார்கள். தாள் தேர்வு சரியானதே. பக்கத்தில் நான் இருந்தேன்; ஆனால் முழுமையாக இல்லை. என் ஊடாகப் பலகையின் மரச்சட்டம் தெரிந்தது. கோட்டின் நெஞ்சுப் பகுதியில் நீள்சதுரமாக ஒரு நிழல்.

ஆவுடை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அருகே போய்ப் பார்த்தாள். "நெஞ்சுல என்ன, சளியா?"

"இல்ல அத்தை. அது நோட்டீஸு. மாமாவுக்குப் பின்னால ஒட்டியிருந்ததுல்லா."

காரணத்தை விளக்கினேன். திறந்திருந்த நூற்றெண்பது விநாடிகளில் முதல் ஐம்பத்தைந்து விநாடிகள் நான் அந்த இடத்தில் இல்லை. நடந்து போனதையும் கழித்தால் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் நின்றிருக்கிறேன். ஆகவே மூன்றில் இரண்டு பங்குதான் விழுந்திருக்கிறேன். எஞ்சிய பங்குக்கு, எனக்குப் பின்னால் இருந்ததுதான் பதிவாகும். கணக்கில் பிழை இல்லை.

"இவ்வளவு விழுந்ததே பெரிசு" என்றாள் ஆவுடை.

நெடுநேரம் அந்த ஒளிப்பலகையின் முன் நின்றேன் என்று பிறகு சொன்னார்கள்.

இன்னும் வெட்டாத ஒரு தாள் மிச்சமிருப்பது நினைவுக்கு வந்தது. அடுத்த ஞாயிறு வீட்டு மாடியில் இன்னொரு படம் எடுக்கலாம் என்று தெரிவித்தேன். இந்த முறை நான் ஆரம்பத்திலிருந்தே நிற்க வேண்டியிருக்கும். அப்படியானால் கதவை யார் திறப்பது என்ற கேள்வி எழுகிறது.

"நான் தொறந்துட்டு ஓடி வந்து நிக்கேன் மாமா" என்றார் மருமகன். "ரெண்டு செகண்டுதான் கொறையும்."

ஆட்சேபணை இல்லை.